பின்னாலிருந்து தட்டிய கார்

தொண்ணூறுகளின் கடைசி. திருவண்ணாமலையில் மலை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மேகம் இறங்கிக் கிடந்த ஓர் ஐப்பசி மாதம். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. வேங்கிக்காலில் சாமியானா பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். இன்றைக்கும் அதே கடைதான். நாற்காலிகளுக்கும் எனக்கும் கால் கொஞ்சம் ஆடுகிறது, அவ்வளவே.

எங்கள் தொழிலில் காலையில் சாவு வீட்டில் போட்ட நாற்காலியைக் கழுவி, மாலையில் நிச்சயதார்த்தத்துக்கு அனுப்புவோம். சுடுகாட்டு ஓரத்தில் பந்தல் கட்டிவிட்டு அங்கேயே தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தவன் நான். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "வரச் சொல்லுப்பா, ஒரு சேர் போட்டு உக்கார வெக்கிறேன்" என்பேன். ஊர் முழுக்க இப்படிப் பேசித் திரிந்த இந்த வாய், ஒரு காருக்குப் பயந்து பத்து நாள் குளறியது. அதைத்தான் எழுத வந்தேன்.

அந்தக் காரை நான் முதலில் பார்த்ததே என்னுடைய பந்தலுக்கு அடியில்தான். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இறந்துவிட்டார் என்று நாற்காலி கேட்டு ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் வாசலில் கார் நிற்கிறது. உருண்டை முதுகு, வட்டக் கண், பழைய வண்டி. அதை நகர்த்த யாருக்கும் மனசு வரவில்லை. காரையும் சேர்த்துப் பந்தலைக் கட்டினோம்.

நாற்காலி போடுகிறவன் காதில் எல்லாப் பேச்சும் விழும். மலையைச் சுற்றும் பாதையில் எட்டு லிங்கக் கோயில்களில் ஒன்றான யம லிங்கம் தாண்டிப் போகும்போது மனிதருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். பிறகுதான் போயிருக்கிறார். யாரோ தூங்குகிறார் என்று நினைத்து வெகுநேரம் விட்டுவிட்டார்களாம். ஒழுங்கான மனிதர், சாவதற்குக்கூட வண்டியைச் சரியாக நிறுத்திவிட்டுச் செத்தார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து அந்த வீட்டு அக்கா ஆள் விட்டிருந்தார். மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைப்பு ஓடுகிறது, காரை வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். எனக்குக் கார் என்றால் சின்ன வயதிலிருந்தே வெறி. உடனே எடுத்துக்கொண்டேன்.

சாவியைக் கொடுக்கும்போது அக்கா ஒன்று சொன்னார். "வண்டியில எதனா கெடச்சா சொல்லு தம்பி. ஒரு துண்டுச் சீட்டு, ஒரு துணி, எதுவா இருந்தாலும். போறப்ப ஒரு வார்த்தை சொல்லாம பூட்டாரு. அதான் எனக்கு ஆற மாட்டேங்குது."

சரிக்கா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அவர் பின்னால் வந்து டிக்கியின் மேல் இரண்டு முறை தட்டினார். மாட்டை விற்கிறவர்கள் கடைசியாக முதுகில் தட்டி அனுப்புவது போல என்று நினைத்துக்கொண்டேன். வண்டியை நான் அலசிக் கழுவியபோது ஒரு பஸ் டிக்கெட்கூடக் கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக வைத்திருந்திருக்கிறார். பின்சீட்டில் மட்டும் இடது ஓரத்தில் ஒரு குழி. அக்கா எப்போதும் உட்காரும் இடமாக இருக்கும்.

ஆயுத பூஜை வரைக்கும் வண்டி தங்கமாக ஓடியது.

சொந்தக் காருக்கு முதல் பூஜை. கேட்க வேண்டுமா? கடையில் இருக்கிற கடப்பாரை, சுத்தியல், அண்டா எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு என்றால், காருக்கு நூறு பொட்டு. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, சக்கரம், விளக்கு, கண்ணாடி, ஸ்டியரிங், கியர் தடி என்று ஒன்று விடாமல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பின்பக்கம் சின்னக் கதவுக்குள் ஒளிந்திருந்த பெட்ரோல் மூடியைக்கூட விடவில்லை. அது வட்டமாக, பளபளவென்று நெற்றி மாதிரியே இருந்தது. என் மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, வண்டிக்கு வெக்கிறீங்களா, சொவுத்துக்கு வெள்ளை அடிக்கிறீங்களா?" என்றாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, மாலை போட்டு ஊர்வலம் வந்தோம்.

அடுத்த சில நாளில் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு இடம் பார்க்கப் போனேன். மத்தியான வேளை, ஆனால் வெளிச்சம் மாலை போல இருந்தது. தூறல். ரமணாசிரமம் தாண்டி, யம லிங்கமும் தாண்டினேன். அங்கே ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் கை கோத்துக்கொண்டு நிற்கும். அதற்குள் நுழைந்ததும் வண்டி ஒரு தரம் இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பியது. கொஞ்ச தூரம் நகர்ந்து மறுபடி செத்தது. மறுபடி திருப்பினால் மறுபடி உயிர் வரும். ஏழெட்டு முறை உறுமி, மூச்சுத் திணறி, அடங்கிவிடும். கிளம்பவே கிளம்பாத வண்டி என்றால் எனக்குப் பயமில்லை, தள்ளிவிட்டுப் போகலாம். கிளம்பிக் கிளம்பி அடங்குகிற வண்டி இருக்கிறதே, அது ஒரு மனுஷன் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் விழுவது போல இருந்தது.

சும்மா உட்கார்ந்திருந்தேன். வைப்பர் நடுவில் நின்றிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. எந்த மரம் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அதே மரமா, அதற்குப் பக்கத்து மரமா, சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் நான் பயந்துவிட்டால் எல்லாப் புளியமரமும் அந்தப் புளியமரம்தான்.

அப்போது பின்னாலிருந்து, டிக்கிப் பக்கமிருந்து, யாரோ உள்ளங்கையால் தட்டுவது போல ஒரு சத்தம்.

டொம்.

ஒரே ஒரு முறை. திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் அந்தக் குழி மட்டும் இருந்தது. கதவைத் திறந்து இறங்கினேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு காருக்குள், ஒரு செருப்பு ரோட்டில், நான் யம லிங்கத்து வாசலில். போயும் போயும் எமனிடம் ஓடிப் போய் அடைக்கலம் கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அங்கே உட்கார்ந்திருந்த சாமியார் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திருநீற்றுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் இன்னும் கிலியாக இருந்தது.

மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். வந்ததும் பெட்ரோல் மூடியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, மூடியை டிக்கி மேல் வைத்தான். பிறகு பானெட்டைத் திறந்து சாவியைத் திருப்பச் சொன்னான். வண்டி சமர்த்தாக ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பிளக்கைக் கழற்றினான், சுரண்டினான். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினான். எல்லாம் முடித்து, மூடியைத் திருகி, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"வண்டி கம்முனு ஓடுதுபா. உனுக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சி."

"பின்னால யாரோ தட்டுறாங்கடா."

"வாடகைக்கு உட்ட அண்டா எதனா டிக்கியில கெடக்கும். பாரு போ."

டிக்கியில் அண்டாவும் இல்லை, குண்டாவும் இல்லை. ஒரு ஸ்டெப்னி இருந்தது. அது தட்டும் ரகமாகத் தெரியவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி, "கண்ணு பட்டிருக்கும், சுத்தமா பூஜை பண்ணுங்க" என்றாள். அப்படியே பண்ணினேன். பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டு. சந்தனத்தோடு கோயில் விபூதியையும் குழைத்துப் பூசினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதன் மேல் இன்னொரு பூச்சு. பெட்ரோல் குறைவால்தான் இப்படி ஆகிறதோ என்று டேங்க் நிரம்ப நிரம்பப் பெட்ரோலும் போட்டேன்.

வண்டி இன்னும் மோசமாகிவிட்டது.

முதல் தடவை யம லிங்கம் தாண்டி நின்றது அல்லவா? அடுத்த தடவை அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. பெரிய தெருவைத் தாண்டியதும் நின்றது. அதற்கடுத்த தடவை ஈசானிய லிங்கத்துப் பக்கம், சுடுகாட்டுக்கு நேர் எதிரே. அதற்கப்புறம் கலெக்டர் ஆபீஸ் திருப்பத்திலேயே. ஒவ்வொரு முறையும் நிற்பதற்கு முன்னாலோ நின்ற பிறகோ பின்னாலிருந்து அந்த ஒற்றைத் தட்டு. நிற்கிற இடங்களை மனதுக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவனுக்கு வாயில் நுரையோடு கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மரத்தடியிலிருந்து புறப்பட்டு, ஊரைக் கடந்து, சுடுகாட்டைக் கடந்து, அது என் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கடைசியில் வீட்டுக்கே வந்தும் சேர்ந்தது. அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம், கரண்ட் இல்லை. வண்டி தெருமுனையில் நின்று, இரண்டு பேர் தள்ளி, கடைக் கொட்டகைக்குள் விட்டிருந்தோம். சுற்றிலும் நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். நான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பந்தல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மனைவி காபி கொண்டுவந்தாள். வண்டியில் யாரும் இல்லை. சாவி என் இடுப்பில்.

டொம்.

நாற்காலி அடுக்குகள் முழுக்க அந்தச் சத்தம் பரவி அடங்கியது. எங்கோ ஒரு நாய் குரைக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டது. மனைவி டம்ளரைக் கீழே போடவில்லை. மெதுவாக என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "தீபத்துக்கு எங்கம்மா ஊட்டு ஜனம் மொத்தமும் இங்க வருது. அதுக்குள்ள இத அந்த அக்காகிட்டயே உட்டுட்டு வாங்க. இல்லன்னா நான் கீழ்பென்னாத்தூர் போறேன். நீங்களும் அவரும் இங்க இருங்க."

அவரும் என்று சொன்னாள் பாருங்கள். அதுவரைக்கும் நான் அதற்கு ஆள் பெயர் வைக்கவில்லை.

மறுநாள் காலை வெளிச்சத்தில் கொஞ்சம் தைரியம் வந்தது. கடைசியாக ஒருமுறை பெட்ரோலைப் பார்த்துவிடுவோம் என்று அந்தச் சின்னக் கதவைத் திறந்து மூடியைத் திருகினேன். பாதி திருகும்போதே உள்ளே யாரோ நீளமாக மூச்சை இழுத்தார்கள். ஸ்ஸ்ஸ் என்று. வெளியே விடும் மூச்சு இல்லை, உள்ளே இழுக்கும் மூச்சு. வெகுநேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டுத் தலையைத் தூக்குகிறவன் இழுப்பானே, அது. பேய் பெருமூச்சு விடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பேய் மூச்சை இழுத்துக்கொள்கிறது என்றால், அடுத்து ஏதோ பேசப் போகிறது என்றுதானே அர்த்தம்? அதைக் கேட்க நான் நிற்கவில்லை. மூடியைக் கொட்டகைத் தரையில் போட்டுவிட்டு, என் கடை நாற்காலி அடுக்கிலேயே மோதி, பதினைந்து நாற்காலிக்கு அடியில் கிடந்தேன். வருகிற பேய்க்குச் சேர் போடுவேன் என்று சொன்னவன் மேல் சேர்களே விழுந்தன.

அன்றைக்கே கிளம்பினேன். மூடியை மனைவிதான் திருகிக் கொடுத்தாள். ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டு, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை மேலே கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, "உங்க ஊட்டுக்குத்தான் போறோங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். நம்புங்கள், வண்டி ஊருக்குள் எங்கேயும் நிற்கவில்லை. செங்கம் ரோடு வந்தது. அக்காவின் தெருவில் திரும்பியது. இருமியது. அவர் வீட்டு கேட்டுக்கு நேராக வந்து, நான் பிரேக்கில் கால் வைக்காமலே, தானாக நின்றது.

உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கிரைண்டர் நின்றது. அந்த அமைதியில் பின்னாலிருந்து, டொம்.

அக்கா ஓடி வந்தார். நடந்து இல்லை, ஓடி. கை இரண்டிலும் மாவு. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை, டிக்கியைப் பார்த்தார்.

"யாரு தட்டுனது?"

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவைத்த பொய்கள் என்னிடம் நாலைந்து இருந்தன. வண்டி எனக்குப் பெரிதாக இருக்கிறது, மனைவிக்கு நிறம் பிடிக்கவில்லை, இப்படி. ஒன்றும் வாயில் வரவில்லை. வண்டி புளியமரத்தடியில் நின்றது, பின்னால் தட்டுவது, மூச்சு இழுத்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புருஷனை இழந்த ஒரு பொம்பளையிடம் போய், உன் புருஷன் என் டிக்கியில் இருக்கிறார் என்று சொல்கிற முட்டாள்தனம் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. துடைப்பத்தால் அடிப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் கேட்டது வேறு. "என்ன சொன்னாரு?"

"சொல்லலக்கா. தட்டுறதோட சரி."

"அவரு எப்பவும் அப்படித்தான் தம்பி" என்றார். பின்கதவைத் திறந்து, அந்தக் குழி இருக்கும் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். மாவுக் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். "பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாரு. போயிட்டு வரேன்னு வாயத் தொறந்து சொன்னதில்ல. வெளிய கெளம்புனா டிக்கி மேல ரெண்டு தட்டு தட்டுவாரு. நான் உள்ள இருந்து சரின்னு சொல்லணும். அப்பறம்தான் வண்டிய எடுப்பாரு. அன்னிக்கு நான் கிரைண்டர் போட்டுட்டு இருந்தேன். தட்டுனாரா, தட்டலையா, எனக்குத் தெரியாது. நான் சரின்னு சொல்லல."

மேலே மாடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள்கூட அசையாமல் எங்களைப் பார்த்தாள். நான் தெருவில் நின்றுகொண்டு, பயம் போய், வாய்க்கு வந்ததை உளறினேன். "மூச்சு இழுத்தது பெட்ரோல் மூடிப் பக்கம்க்கா."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "எந்த மூடி? காட்டு."

இறங்கி வந்து அந்தச் சின்னக் கதவைத் திறந்து பார்த்தார். என்னுடைய பக்தி முழுக்க அங்கே இருந்தது. சந்தனம், விபூதி, மேலே சந்தனம், அதற்கு மேல் குங்குமம், எல்லாம் காய்ந்து அடை மாதிரி.

"ஆயுத பூஜைக்கு வெச்சியா?"

"ஆமாக்கா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழமயும் வெச்சேன்."

"அவரும் வெப்பாரு. வெச்சுக் கற்பூரம் காட்டி முடிச்ச ஒடனே என்கிட்ட ஒரு ஊக்கு கேட்பாரு. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. இந்த மூடியில குத்திக் குத்தி எதையோ எடுப்பாரு. பூஜையில அதுவும் ஒண்ணுன்னு நான் நெனச்சிக்கினேன்."

நான் குனிந்து நகத்தால் சுரண்டினேன். அடை பெயர்ந்து வந்தது. மூடிக்கு நடுவில், ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதற்குள்ளும் சந்தனம் கெட்டியாக அடைத்திருந்தது.

அந்த நிமிஷம் என் மண்டைக்குள் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. பெட்ரோல் வெளியே போகப் போக டேங்குக்குள் காற்று வர வேண்டும். அது வருகிற வழி அந்தத் துளை. அதை அடைத்துவிட்டால், இஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச டேங்க் வெற்றிடமாகி, பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்ளும். வண்டி நிற்கும். தகரம் உள்ளே ஒடுங்கும். கொஞ்சம் கொஞ்சமாக எங்கிருந்தோ காற்று கசிந்ததும் தகரம் பழையபடி வெளியே குதிக்கும். அதுதான் டொம். மூடியைத் திறந்தால் காற்று பாய்ந்து உள்ளே போகும். அதுதான் மூச்சு. டேங்கை நிரப்ப நிரப்ப உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் சீக்கிரம் நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு இன்னும் பக்கத்தில் நின்றது. அன்று காலை மூடி திறந்து கிடந்து உள்ளே காற்று போனதால்தான் அக்கா வீடு வரைக்கும் வந்தது. மெக்கானிக் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை பார்த்தான், அவனுக்கு வண்டி ஓடாமல் என்ன செய்யும்? பேயை விரட்ட நான் அப்பிய ஒவ்வொரு பூச்சும் பேயை வளர்த்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டி அக்காவுக்கு விளக்கினேன். டேங்க் தகரம் எப்படிக் குதிக்கும் என்று என் கன்னத்தை உள்ளே இழுத்து, 'டொப்' என்று விட்டுக்கூடக் காட்டினேன். பாதியில்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அது அவரு இல்ல."

என் கன்னம் அப்படியே நின்றது.

அக்கா வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றினார். என்னிடம் நீட்டினார். நான் வாங்கக் கை நீட்டியபோது கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"இதால குத்திட்டா அப்பறம் அந்தச் சத்தம் வராதா தம்பி?"

"வராதுக்கா."

ஊக்கைத் திறந்து மூடினார். பிறகு, கடையில் இன்னும் ஒரு கரண்டி கூடுதலாகக் கேட்பது போன்ற கூச்சத்தோடு கேட்டார்: "அப்படின்னா ஒரு சுத்து போயிட்டு வந்து குத்தலாமா?"

நான் மூடியைத் திறக்காமல் அப்படியே இறுக்கினேன். துளையைச் சந்தனத்தோடே விட்டேன்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து அவருடைய இடத்தில் உட்கார்ந்தார். மேலே திருப்பி வைத்திருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினேன். செங்கம் ரோட்டில் ஏறி, மலையைச் சுற்றும் பக்கமாக விட்டேன். மலை தெரியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பெரிய மௌனம்தான் இருந்தது. யம லிங்கம் தாண்டியது. மரங்கள் இரண்டு பக்கமும் வந்து கூடின. இருமல். இன்னொரு இருமல். வண்டி ஓரமாக உருண்டு நின்றது. இந்தத் தடவை எந்த மரம் என்று நான் பார்க்கவில்லை. அக்கா பார்த்தார்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள், கை தானாகச் செய்தது.

காத்திருந்தோம். இலைகளிலிருந்து சொட்டுகள் கூரை மேல் விழுந்தன. ஒரு பஸ் போனது. மறுபடி அமைதி. சத்தம் வரவில்லை. நான் சுரண்டியதில் துளை கொஞ்சம் திறந்துவிட்டதோ, காற்று ஓசையில்லாமல் நுழைந்துவிட்டதோ என்று எனக்கு வியர்த்தது. "வரலையா தம்பி?" என்றார் அக்கா. "வரும்க்கா, இருங்க" என்றேன். பத்து நாளாக எந்தச் சத்தத்துக்குப் பயந்து செருப்பை விட்டு ஓடினேனோ, அந்தச் சத்தம் எப்படியாவது வரட்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டொம்.

அக்கா மூச்சை இழுத்தார். நான் கண்ணாடியில் அவரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன். அதற்குள்,

டொம்.

இரண்டாவது. அத்தனை நாளில் ஒரு நாள்கூட அது இரண்டு முறை தட்டியதில்லை.

என் பிடரி மயிர் எழுந்து நின்றது. அக்காவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சமையலறையிலிருந்து பதில் சொல்வது போல, சாதாரணக் குரலில், கொஞ்சம் சத்தமாக, "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

பிறகு இறங்கினார். தூறலில் நனைந்துகொண்டே அந்தச் சின்னக் கதவைத் திறந்து, ஊக்கை அந்தத் துளையில் வைத்து, அவரே குத்தினார். டேங்க் நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. நான் அந்த முறை ஓடவில்லை.

காரை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. தீபத்துக்கு மனைவி வீட்டு ஜனம் மொத்தத்தையும் கீழ்பென்னாத்தூரிலிருந்து நாலு நடையாக அதில்தான் ஏற்றிவந்தேன். அதற்குப் பிறகும் பல வருஷம் எங்கேயும் நிற்காமல் ஓடியது. மெக்கானிக்கிடம் எல்லாம் சொல்லி, கடைசியில் ஏன் இரண்டு தட்டு என்று கேட்டேன். "டேங்குக்கு ரெண்டு பக்கம் கீது இல்ல, ஒண்ணு முன்ன குதிக்கும் ஒண்ணு பின்ன குதிக்கும். உனுக்கு ஜாஸ்தி பயம்டா" என்றான். அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். நான் அவனோடு வாதாடவில்லை.

ஆயுத பூஜை வந்தால் இன்றைக்கும், இருக்கிற வண்டியின் பெட்ரோல் மூடிக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, மனைவியிடம் ஊக்கு கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஆனால் யாருடைய கோளாறையும் கண்டுபிடித்த சந்தோஷத்தில் உடனே குத்தித் திறந்துவிடக் கூடாது, அவர்களுக்கு இன்னொரு சுற்று வேண்டியிருக்கிறதா என்று ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும் என்பதை அந்தப் புளியமரத்தடியில்தான் நான் தெரிந்துகொண்டேன்.